பிரபஞ்சம் தாவும் சைகடெலிக் சூப்பர்ஹீரோ காமிக்ஸ்: பக்க அமைப்பு, கிர்பி கிராக்கிள், அச்சு நிறம் பற்றிச் சில சந்தேகங்கள்

நாலாம்பரிமாணம்:

வணக்கம் நண்பர்களே. 24 பக்கக் காமிக்ஸ் ஒன்று கையில் இருக்கிறது. நாயகி ஒரு பிரபஞ்சத்திலிருந்து இன்னொன்றுக்குத் தாவிக்கொண்டே போகிறாள், அவ்வளவுதான் கதை. 1960களில் மார்வெல் ஓவியர்கள் ஸ்டீவ் டிட்கோவும் ஜாக் கிர்பியும் போட்டார்களே, அந்த மாதிரி வேண்டும். இன்றைய சினிமா கிராஃபிக்ஸ் பளபளப்பு வேண்டாம். பென்சில் வேலை பாதி முடிந்தது. மூன்று இடத்தில் முட்டுகிறது.

ஒன்று, பின்னணியை எந்த அளவுக்குக் கலைக்கலாம்? பக்கத்தைத் தள்ளி வைத்துப் பார்த்தால் நாயகி எங்கே நிற்கிறாள் என்றே தெரியவில்லை.

இரண்டு, கிர்பி கிராக்கிள். அந்தக் கறுப்புப் புள்ளிக் கூட்டம் சக்தி வெடிப்பது போல வரவேண்டும். சோப்பு நுரை மாதிரிதான் வருகிறது.

மூன்று, திரையில் கண்ணைப் பறிக்கும் ஊதாவும் பச்சையும் புரூஃபில் (சோதனை அச்சில்) செத்துப்போகின்றன.

ஏ3 தாளில் மசியால் வரைந்து, ஸ்கேன் செய்து, நிறம் கம்ப்யூட்டரில். அச்சுக்குப் போகும் அளவு அமெரிக்க காமிக்ஸ் அளவுதான், சுமார் 17 × 26 செ.மீ. ஆஃப்செட், சென்டர் பின், 500 பிரதி.

ஒன்பது_கட்டம்:

முதல் கேள்விக்கு நான் வருகிறேன்.

டிட்கோவின் மந்திரவாதி நாயகன் டாக்டர் ஸ்ட்ரேஞ்ச் 1963 ஜூலையில் ஸ்ட்ரேஞ்ச் டேல்ஸ் 110ஆம் இதழில் வெறும் ஐந்து பக்கக் கதையாக வந்தார். அந்த இதழிலிருந்து 146 (1966 ஜூலை) வரையுள்ள பக்கங்களை வரிசையாகப் புரட்டிப் பாருங்கள். பின்னணியில் சுவரே இல்லாமல் கதவு நிற்கும், நாடா மாதிரிப் பாதை அந்தரத்தில் மெலிந்துகொண்டே போய் அறுந்துவிடும், வாய் திறந்த தாடைதான் நுழைவாசல். ஆனால் பேனல் கட்டங்கள்? பெரும்பாலும் நேரான செவ்வகம். கோணல் கட்டம், உடைந்த விளிம்பு, ஒன்றின்மேல் ஒன்று ஏறிய பேனல் எல்லாம் அவரிடம் அபூர்வம். கண் எங்கே போக வேண்டும் என்பதைக் கட்டம் பார்த்துக்கொள்கிறது. அதனால் உள்ளே என்ன கூத்து நடந்தாலும் வாசகன் தொலைவதில்லை. உங்கள் பக்கத்தில் கட்டமும் கோணல், பின்னணியும் கோணல், உருவமும் கோணல் என்று இருக்கும் என ஊகிக்கிறேன். மூன்றில் ஒன்றை மட்டும் கலையுங்கள்.

இன்னொன்றும் கவனியுங்கள். அந்த உலகங்களில் அடிவானம் கிடையாது. ஆனால் ஸ்ட்ரேஞ்சின் காலுக்கடியில் ஏதோ ஒன்று இருக்கும். சின்னப் பாறைத் துண்டோ பாதையோ எதுவானாலும் சரி. அவருக்கு மட்டும் மேல், கீழ் உண்டு. அதோடு 127ஆம் இதழிலிருந்து சிவப்பு மேலங்கி, உள்ளே நீல உடுப்பு. பின்னணி நிறம் என்னவாக மாறினாலும் அந்த இரண்டு நிறமும் மாறாது. உங்கள் நாயகிக்கும் அப்படி இரண்டு நிறத்தைக் கட்டிப்போட்டு, பின்னணியில் அந்த இரண்டையும் முழு அடர்த்தியில் எங்கேயும் பயன்படுத்தாதீர்கள்.

வேலை முறை: முதலில் 4 × 6 செ.மீ. சிறுபடம் போடுங்கள். பென்சில் வேண்டாம், கறுப்பு மார்க்கர் மட்டும். சாம்பல் கிடையாது. இதில் நாயகி தெரியவில்லை என்றால் ஏ3-யிலும் தெரியமாட்டாள். பெரிய தாளுக்குப் போகும்போது உருவத்தையும் காலடித் தளத்தையும் முதலில் முடித்துவிட்டு, உருவத்தைச் சுற்றி 2, 3 மி.மீ. வெள்ளை இடைவெளி விட்டுத்தான் பின்னணிக் கோடுகளைத் தொடங்க வேண்டும். பின்னணிக் கோடு உருவத்தின் விளிம்பில் போய் நுனி தொட்டு நின்றால் இரண்டும் ஒட்டிக்கொண்டு தட்டையாகிவிடும். ஒன்று உருவத்துக்குப் பின்னால் தெளிவாக நுழையட்டும், அல்லது முன்னாலேயே நின்றுவிடட்டும்.

24 பக்கத்துக்கு நான்கு பிரபஞ்சம் தாங்கும். அதற்கு மேல் போனால் எதுவும் பதியாது. ஒவ்வொரு உலகத்துக்கும் நுழையும்போது குறைந்தது அரைப் பக்கப் பேனல் கொடுங்கள், பிறகு அந்த உலகத்துக்கென்று ஒரே ஒரு விதி. ஒன்றில் நிழல் எல்லாம் ஒளியை நோக்கி விழும், இன்னொன்றில் கோடே கிடையாது, நிறப் பரப்பு மட்டும், இப்படி. விதியைப் பேச்சுப் பலூனில் விளக்க வேண்டாம், மூன்று பேனலில் மூன்று முறை காட்டினால் போதும்.

தாவும் வழியும் எளிமையாக இருக்கட்டும். 1961 செப்டம்பரில் வந்த ஃபிளாஷ் 123ஆம் இதழில் கார்ட்னர் ஃபாக்ஸ் செய்தது அதுதான்: இரண்டு பூமியும் ஒரே இடத்தில்தான் இருக்கின்றன, அதிர்வு வேகம் மட்டும் வேறு. ஃபிளாஷ் அதிர்வை மாற்றினால் அந்தப் பக்கம். ஃபிளாஷை வெளியிடும் டிசி நிறுவனத்தின் இணை உலகக் கட்டுமானம் முழுக்க இந்த ஒரு வரியில் எழும்பியது. பிறகு உலகங்கள் பெருகிப் பெருகிக் கணக்கு வைக்க முடியாமல்தான் 1985இல் 12 இதழ்த் தொடர் போட்டு எல்லாவற்றையும் ஒன்றாக நசுக்கினார்கள் என்பது தனிக்கதை.

மசிக்குப்பி:

கிராக்கிளுக்கு வருகிறேன்.

நுரை மாதிரி வருவதற்கு ஒரே காரணம்தான்: நீங்கள் புள்ளியை வரைகிறீர்கள். கிர்பி வரைந்தது புள்ளிகளுக்கு நடுவில் மிஞ்சும் வெள்ளையை. சக்தி என்பது அந்த வெள்ளை. கறுப்பு அதைச் சூழ்ந்த விண்வெளி. 1966இல் ஃபென்டாஸ்டிக் ஃபோர் 48 முதல் 50 வரை, கோள்களை விழுங்கும் கலாக்டஸ் வரும் பக்கங்களைப் பெரிதாக்கிப் பாருங்கள், ஜோ சின்னாட்டின் மசி வேலையோடு. வெள்ளை ஒரு பக்கம் திறந்தும் இன்னொரு பக்கம் கறுப்பால் அரிக்கப்பட்டும் இருக்கும்.

ஏ3 அளவில் இப்படிச் செய்யுங்கள். சக்தி பாயும் திசையைப் பென்சிலில் ஒரு வளைவாகப் போட்டு, அதற்கு ஒரு ஒளிப்பக்கம், ஒரு இருட்டுப்பக்கம் முடிவு செய்யுங்கள். இருட்டுப்பக்கத்தை முதலில் முழுக் கறுப்பாக நிரப்பிவிடுங்கள். அந்தக் கறுப்பின் விளிம்பில் 8, 10 மி.மீ. வட்டங்களைப் பாதி உள்ளே பாதி வெளியே இருக்கும்படி ஏற்றுங்கள். அடுத்து 4, 5 மி.மீ. வட்டங்கள், இரண்டு மூன்றாகக் கூட்டிக் கூட்டி, பெரியவற்றின்மேல் ஏறும்படி. ஒளிப்பக்கம் நெருங்க நெருங்க 2 மி.மீ., 1 மி.மீ., தனித்தனியாக. கடைசிப் புள்ளிகள் வளைவின் போக்கிலேயே சிதற வேண்டும்.

கெடும் இடங்கள் எவை என்றால், எல்லாப் புள்ளியும் ஒரே அளவானால் சட்டைத் துணி டிசைன் ஆகிவிடும். வட்டத்தைக் கோடாக வரைந்து உள்ளே நிரப்பாமல் விட்டால் குமிழி, உங்களுக்கு வந்தது இதுதான். இரண்டு புள்ளிகள் ஒரே இடத்தில் நுனி மட்டும் தொட்டால் எட்டு எண் மாதிரித் தெரியும். ஒன்று நன்றாக ஏறட்டும், இல்லை 1 மி.மீ. தள்ளி நிற்கட்டும். பெரிய வட்டத்துக்கு டெம்ப்ளேட் வைத்துக்கொள்ளலாம், சின்னதற்குக் கையே போதும், லேசான கோணலில்தான் உயிர் இருக்கிறது. டிஜிட்டல் பிரஷ்ஷை இழுத்துத் தெளிப்பது வேண்டாம். அதற்குத் திசையும் கிடையாது, பெரிது சிறிது என்ற யோசனையும் கிடையாது.

அளவு விஷயம் ஒன்று. 1967 வாக்கில்தான் அமெரிக்காவில் மூலப் பக்கத்தின் வரையும் பரப்பு 10 × 15 அங்குலமாகக் குறைந்தது, அதற்கு முன் அச்சைவிட இரண்டு மடங்கு. உங்கள் ஏ3-யில் 10 × 15 அங்குலம் சரியாக அடங்கும். அச்சில் அது சுமார் மூன்றில் இரண்டாகச் சுருங்கும். அதனால் 1 மி.மீ. புள்ளி 0.65 மி.மீ. ஆகும், அதுவரை பிரச்சினை இல்லை. 0.5 மி.மீ.-க்குக் கீழே உள்ள வெள்ளை இடுக்குகளை நம்பாதீர்கள். நான்கு நிறம் சந்திக்கும் இடமாக இருந்தால் அடைத்துக்கொள்ளும்.

கிராக்கிள் பக்கத்துக்கு ஒன்று போதும். எல்லாப் பேனலிலும் வெடித்தால் எதுவுமே வெடிக்கவில்லை என்று அர்த்தம்.

பிளேட்ரூம்:

நிறம் செத்துப்போகவில்லை நண்பரே, அந்த நிறம் மசியில் இல்லவே இல்லை. ஆர்ஜிபி-யின் (திரையின் சிவப்பு, பச்சை, நீல ஒளிக் கலவை) மின்சார ஊதா, நியான் பச்சை, கொதிக்கும் ஆரஞ்சு மூன்றும் சயான் (வெளிர்நீலம்), மெஜந்தா (அடர் இளஞ்சிவப்பு), மஞ்சள் மசிகளின் கலவையில் எட்டாத தூரம். மென்பொருள் கிட்டத்தட்ட இருப்பதைத் தேடும்போது மூன்றாவது மசியையும் கொஞ்சம் சேர்த்துவிடும். அதுதான் அழுக்கு.

எனவே ஆர்ஜிபி-யில் நிறம் போட்டு மாற்றாமல், முதலிலிருந்தே சிஎம்ஒய்கே-யில் (அந்த மூன்று மசியோடு கறுப்பும்) எண் பார்த்துப் போடுங்கள். அந்தக் காலத்து முறையைத் திரும்பிப் பாருங்கள்: மூன்று மசி, ஒவ்வொன்றிலும் 0, 25, 50, 100 சதவீதம் என்று நான்கு அடர்த்தி, ஆக 64 நிறம். நியூஸ்பிரின்டில் (செய்தித்தாள் காகிதத்தில்) அவ்வளவுதான் கிடைத்தது. அதில்தான் அந்தப் பிரபஞ்சமெல்லாம் எரிந்தது. உங்கள் ஸ்வாட்ச்சில் அந்த 64-ஐ மட்டும் ஏற்றிக்கொண்டு, ஒரு உலகத்துக்கு ஆறு நிறம் என்று ஒதுக்குங்கள்.

கடைப்பிடிக்க வேண்டியது ஒன்றே: எந்த நிறத்திலும் இரண்டு மசி மட்டும். மூன்றாவது வந்தால் 25-க்கு மேல் வேண்டாம். பச்சைக்கு சயான் 50, மஞ்சள் 100. ஆரஞ்சுக்கு மெஜந்தா 50, மஞ்சள் 100. ஊதாவுக்கு சயான் 50, மெஜந்தா 100. சயானையும் மெஜந்தாவையும் 100, 100 வைத்தால் நீலம் கிடைக்கும் என்று நினைப்பார்கள், இருண்ட கத்தரிப்பூதான் வரும். நீலம் வேண்டுமென்றால் மெஜந்தாவை 50-இல் நிறுத்துங்கள். பிறகு, ஒளிர வேண்டிய நிறத்துக்குப் பக்கத்தில் மங்கலானதை வையுங்கள். சாம்பல் கலந்த பச்சைக்கு நடுவே வைத்த மெஜந்தா, மஞ்சளுக்கு நடுவே வைத்ததைவிட அதிகமாக எரியும்.

கறுப்புக் கோடு தனி. கோட்டை 1200 டிபிஐ, 1-பிட் (கறுப்பும் வெள்ளையும் மட்டும், சாம்பல் இல்லை), கறுப்பு 100 மட்டும், ஓவர்பிரின்ட் (அடியிலுள்ள நிறத்தின் மேலேயே அச்சாகட்டும்). நிறம் 300 டிபிஐ, கோட்டுக்கு அடியில் வரை நீட்டிப் போடுங்கள். ஸ்கேன் செய்த ஆர்ஜிபி படத்தை அப்படியே மாற்றினால் கோடு நான்கு மசியிலும் பிரிந்துவிடும். ரிஜிஸ்ட்ரேஷன் (மசிகள் ஒன்றன்மேல் ஒன்று சரியாக விழுவது) கால் மில்லி நகர்ந்தால் போதும், ஒவ்வொரு கோட்டுக்கும் சிவப்பு நீலக் கரை கட்டும்.

உங்கள் கதையில் விண்வெளி நிறைய இருக்கும் என்பதால் இதையும் சொல்கிறேன். பெரிய கறுப்புப் பரப்புக்கு அடியில் ஒரு இடத்தில் சிவப்பும் இன்னொரு இடத்தில் வெறும் தாளும் இருந்தால், ஓவர்பிரின்ட் கறுப்பு இரண்டிலும் இரண்டு விதமாகத் தெரியும். பட்டை பட்டையாகக் காட்டிக்கொடுக்கும். கறுப்புப் பரப்பு முழுவதற்கும் அடியில் சயான் 50 ஒரே சீராகப் போட்டுவிடுங்கள். பலூன் எழுத்துக்கு இது வேண்டாம், வெறும் கறுப்பு.

தாள் மேப்லித்தோவா (பூச்சில்லாதது), ஆர்ட் பேப்பரா (பூச்சுள்ள வழுவழுப்பானது)? மேப்லித்தோவில் அச்சுப் புள்ளி நன்றாகப் பரவும். 50 என்று போட்டது 70 மாதிரித் தெரியும். அப்படியானால் 25, 50 இரண்டையும் 15, 35 என்று இறக்கிக்கொள்ளுங்கள். எல்லா மசியின் சதவீதத்தையும் கூட்டினால் ஆர்ட் பேப்பரில் 300-ஐத் தாண்ட வேண்டாம், மேப்லித்தோவில் 270 போதும். தாண்டினால் காயாமல் அடுத்த தாளின் முதுகில் ஒட்டும்.

நாலாம்பரிமாணம்:

பிரமாதம், அனைவருக்கும் நன்றி. தாள் 90 ஜிஎஸ்எம் மேப்லித்தோ. இன்னும் மூன்று கேள்வி. அதே காலத்து மார்வெல் ஓவியர் ஜிம் ஸ்டெரான்கோவின் பக்கங்களில் நிறங்கள் அதிர்வது போல ஒரு விளைவு இருக்கும், அதைக் கறுப்புக் கோடு இல்லாமல் அச்சில் கொண்டுவர முடியுமா? பழைய காமிக்ஸின் நிறப் புள்ளிகளைப் போலியாகப் போட்டால் சரியா? நியான் மசி ஒன்று சேர்த்தால் என்ன ஆகும்?

பிளேட்ரூம்:

அதிர்வுக்கு இரண்டு நிறமும் எதிரெதிராக இருக்க வேண்டும், வெளிச்ச அளவு ஒன்றாக இருக்க வேண்டும். சாம்பலாக மாற்றிப் பாருங்கள், எல்லை மறைந்துவிட்டால் ஜோடி சரி. அச்சில் கிடைக்கும் நல்ல ஜோடி, சிவப்பு (மெஜந்தா 100, மஞ்சள் 100), பச்சை (சயான் 100, மஞ்சள் 100). நடுவில் கறுப்புக் கோடு விழுந்தால் விளைவு அப்போதே போச்சு. கோடு இல்லையென்றால் ரிஜிஸ்ட்ரேஷன் நகரும்போது வெள்ளை இடுக்கு தெரியும் என்ற பயம் இருக்குமே, இந்த ஜோடியில் அது இல்லை. இரண்டிலும் மஞ்சள் 100 பொது. மஞ்சளை ஒரே பரப்பாகப் போட்டுவிட்டால், நகர்ந்தாலும் எட்டிப்பார்ப்பது மஞ்சள்தான், வெள்ளை அல்ல. ட்ராப் (இரண்டு நிறத்தின் விளிம்பைச் சற்று ஒன்றின்மேல் ஒன்று ஏற்றுவது) போடாதீர்கள். சிவப்பும் பச்சையும் ஏறும் இடம் கறுத்த கோடாகி, எதைத் தவிர்த்தோமோ அதுவே திரும்பி வரும். பட்டையின் அகலம் அச்சில் 2 மி.மீ.-க்குக் குறையாமல் பாருங்கள்.

போலிப் புள்ளி: சாம்பல் விளிம்போடு 300 டிபிஐ-யில் போட்டால் பிளேட் எடுக்கும்போது அந்தப் புள்ளிமேலேயே மறுபடி புள்ளி விழும், முவாரே (தேவையில்லாத அலைக்கோலம்) வரும். 1200 டிபிஐ 1-பிட், ஒவ்வொரு மசியும் 100. இப்படிக் கொடுத்தால் ஸ்கிரீன் (நிறத்தை அச்சுப் புள்ளியாக்குவது) அதைத் தொடாது. புள்ளி வரிசையின் கோணம் சயான் 15, மெஜந்தா 75, மஞ்சள் 0 டிகிரி. அங்குலத்துக்கு 40, 45 வரி போதும், அதைவிட நெருக்கினால் மேப்லித்தோவில் பரவி ஒட்டிவிடும். எல்லா நிறத்துக்கும் போடாதீர்கள், தோலுக்கும் வானத்துக்கும் மட்டும். 100 அடர்த்தி நிறத்தில் அந்தக் காலத்திலும் புள்ளி கிடையாது. போலி செய்பவர்கள் பலர் கோட்டைவிடுவது இங்கேதான்.

நியான்: பேன்டோன் 806 இளஞ்சிவப்பு. இரண்டு வழி. ஐந்தாவது மசியாகச் சேர்த்தால் செலவு கூடும், ஆனால் வேண்டிய இடத்தில் மட்டும் போடலாம். மெஜந்தாவுக்குப் பதிலாகவே அதை ஏற்றினால் செலவு அவ்வளவு ஏறாது, ஆரஞ்சும் ஊதாவும் எகிறும், ஆனால் அடர்சிவப்பு கிடைக்காது, மனிதத் தோல் காய்ச்சல் வந்தது போலச் சிவக்கும். உங்கள் நாயகியின் நிலையான நிறங்களில் சிவப்பு உண்டென்றால் இரண்டாவது வழி வேண்டாம். டிஜிட்டல் புரூஃபில் நியான் தெரியாது, அச்சு இயந்திரத்திலேயே எடுக்கும் மெஷின் புரூஃப்தான் கேட்க வேண்டும். வெயில் படும் இடத்தில் வைத்தால் மற்ற மசியைவிட வேகமாக வெளுக்கும். 1971இல் தேர்ட் ஐ நிறுவனம் மார்வெல் பாத்திரங்களைப் பிளாக்லைட் (புற ஊதா விளக்கில் ஒளிரும்) போஸ்டராகப் போட்டது இதே ஒளிரும் வகை மசியில்தான். அதில் இன்று நல்ல நிலையில் கிடைப்பவை பெரும்பாலும் சுருட்டி இருட்டில் வைத்தவை.

அஞ்சறைப்பெட்டி:

இதெல்லாம் சரி, ஆனால் அடிப்படையை விட்டுவிட்டீர்கள். அந்த ஆட்கள் போதையில் வரைந்தது அது. அதை ஸ்கேலும் வட்டமும் வைத்துக் கொண்டுவர முடியுமா?

ஒன்பது_கட்டம்:

போதையில் இருந்தது வாசகர்களில் ஒரு கூட்டம், வரைந்தவர் இல்லை. 1965 அக்டோபர் 16 அன்று சான் ஃபிரான்சிஸ்கோவில் நடந்த ராக் நடன நிகழ்ச்சிக்கே டாக்டர் ஸ்ட்ரேஞ்சுக்குக் காணிக்கை என்றுதான் பெயர் வைத்தார்கள். பிங்க் ஃபிளாய்டின் 1968 ஆல்பம் அட்டையிலும் அவர் ஒளிந்திருக்கிறார், அந்தப் படம் மேரி செவரின் வரைந்த ஸ்ட்ரேஞ்ச் டேல்ஸ் 158இலிருந்து எடுத்தது. டிட்கோ இந்தக் கூட்டத்தில் சேர்த்தி இல்லை. எழுத்தாளர் அயன் ராண்டின் கொள்கையில் ஊறியவர், பகுத்தறிவைத் தூக்கிப் பிடித்தவர். மாதத்துக்குப் பத்துப் பக்கம் ஸ்ட்ரேஞ்ச், அதோடு முழு இதழ் ஸ்பைடர்மேன். அந்த வேகத்தில் ஸ்கேல் இல்லாமல் நடக்காது ஜி.

மசிக்குப்பி:

யாரும் கேட்கவில்லை, இருந்தாலும் கொலாஜைப் பற்றி. கிர்பி 1966 ஜூனில் ஃபென்டாஸ்டிக் ஃபோர் 51இல் அந்தக் குழுவின் தலைவன் ரீட் ரிச்சர்ட்ஸை வேறொரு வெளிக்குள் அனுப்பும்போது, பத்திரிகைப் படங்களை வெட்டி ஒட்டி அதன்மேல் வரைந்த உருவத்தை வைத்தார். கோட்டால் ஆன மனிதன், புகைப்படத்தால் ஆன உலகம். ஒரு பிரபஞ்சம் இன்னொன்றிலிருந்து வேறு என்று காட்ட இதைவிடக் குறுக்குவழி கிடையாது. மூலப் படத்தில் அபாரம், நியூஸ்பிரின்டில் பாதி மங்கிப்போனது. புகைப்படத்தின் நடுச் சாம்பல்கள் அந்தத் தாளில் நிற்கவில்லை.

நீங்கள் செய்வதானால் பத்திரிகைத் துண்டை ஸ்கேன் செய்யாதீர்கள். உரிமைச் சிக்கல் ஒருபுறம், அதில் ஏற்கனவே அச்சுப் புள்ளி இருப்பதால் முவாரே இன்னொருபுறம். தண்ணீரில் எண்ணெய் விட்டது, பழைய சர்க்யூட் போர்டு, வாழைத் தண்டின் குறுக்குவெட்டு, இவற்றை நீங்களே போட்டோ எடுங்கள். கான்ட்ராஸ்டை ஏற்றி நடுச் சாம்பலைக் குறைத்து, ஒரே மசியில், உதாரணமாக மெஜந்தாவில் மட்டும், போடுங்கள். மேலே வரும் உருவத்துக்கு வழக்கத்தைவிட ஒரு மடங்கு தடித்த வெளிக்கோடு தேவை, இல்லையென்றால் புகைப்படம் விழுங்கிவிடும்.

நாலாம்பரிமாணம்:

கடைசியாக ஒன்று. இரண்டு பக்கம் விரியும் பெரிய படம் ஒன்று இருக்கிறது. நாயகி, பிரபஞ்சமே உருவெடுத்த ஒருவன் முன்னால் நிற்கும் கட்டம். இப்போது 8, 9ஆம் பக்கத்தில் வருகிறது.

பிளேட்ரூம்:

12, 13க்கு நகர்த்துங்கள். 24 பக்கம் சென்டர் பின் என்றால் ஆறு தாள், அதில் 12, 13 மட்டும்தான் ஒரே தாளின் ஒரே முகம். 8, 9 இரண்டும் வேறு வேறு தாளில் அச்சாகும். மடிப்பில் ஒரு மில்லி ஏறி இறங்கும், ஒரு பக்கம் நீலம் தூக்கலாகவும் மறு பக்கம் வெளிறியும் வரலாம். கறுப்புக்கு அடியில் சயான் 50 போட்டிருந்தால் அந்த வித்தியாசம் இன்னும் பளிச்சென்று தெரியும்.

ஒன்பது_கட்டம்:

டிட்கோவின் எட்டர்னிட்டி (ஸ்ட்ரேஞ்ச் டேல்ஸ் 138ஆம் இதழ், 1965 நவம்பர்) மாதிரி யோசிக்கிறீர்கள் என்றால், அந்த உருவத்துக்கு உள்ளேதான் நட்சத்திரமும் கோளும், வெளியே வெறுமை. உள்ளே இருப்பதை விளிம்புவரை நெருக்காமல் முகத்தைச் சுற்றி இடம் விடுங்கள். நாயகியை மூன்று செ.மீ.-க்கு மேல் பெரிதாக்காதீர்கள், இடப்பக்கக் கீழ்மூலை சரி. எந்த முகமும் பலூனும் மடிப்பிலிருந்து 8 மி.மீ.-க்குள் வரக்கூடாது, பின் அடிக்கிற இடத்தில் அவன் மூக்கு இருந்தால் வேலை கெட்டது. 12க்கு நகர்த்தினால் முன்னால் நான்கு பக்கம் கூடுதலாகக் கிடைக்கும். இரண்டாவது உலகத்துக்கு அதைக் கொடுங்கள், இன்னொரு உலகத்தைச் செருக வேண்டாம்.